ஆமாம், நான் பித்தளை பொறுக்குபவன்தான்

சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் வாய்ஸ் நோட்டுகளைக் கேட்ட பிறகு முடியவில்லை. வீடியோ எல்லோரும் பார்த்துவிட்டீர்கள்: முதல் முறை சுட வந்த ஒரு தம்பியின் துப்பாக்கிக் குழலில் புல்லட் சிக்கிக்கொண்டது. சுட்டபின் தரையில் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, வீட்டில் மறுபடி பவுடரும் புல்லட்டும் வைத்துத் தோட்டா செய்பவன் நான், அதனால் பழி என் மேல். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பியின் கையிலிருந்த துப்பாக்கியில் சிக்கியது நான் செய்த தோட்டா இல்லை. ரேஞ்ச் கவுண்டரில், அவர்களிடமே காசு கொடுத்து வாங்கிய, சீல் பிரிக்காத 50 தோட்டாப் பெட்டி. ரசீது என்னிடம் இருக்கிறது. துப்பாக்கியும் அவர்கள் வாடகைக்குக் கொடுத்ததுதான்.

அதை ஏன் வாங்கினேன் என்று யாராவது கேட்டீர்களா? வீட்டில் நான் லோடு செய்ததை அடுத்தவர் துப்பாக்கியில் போட விடமாட்டேன், அதனால்தான். ரீலோடிங், அதாவது இப்படி வீட்டில் தோட்டா செய்பவர்கள் மத்தியில் இது எழுதாத சட்டம். என் தோட்டா என் துப்பாக்கிக்கு மட்டும். தம்பி முதல் முறை சுட வருகிறான், பத்திரமாக இருக்கட்டும் என்று கம்பெனித் தோட்டா வாங்கிக் கொடுத்தேன். வந்து சேர்ந்தது இது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. தோட்டாவில் பவுடர் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால், தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் பிரைமரின் வேகத்தில் மட்டும், முனையில் இருக்கும் புல்லட் கிளம்பிப் பாதிக் குழலில் நின்றுவிடும். 'டமார்' இருக்காது, 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்குப் பெயர் ஸ்குவிப். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், சில நேரம் வெடிக்கும். அந்த 'டப்' சத்தத்தைக் கேட்டு "ஸ்டாப்!" என்று கத்தியது யார்? வீடியோவை இன்னொரு தடவை ஒலி வைத்துப் பாருங்கள், அது என் குரல். பக்கத்து லேனில் நின்ற, பித்தளை பொறுக்குகிற அதே ஆள்.

ஆனால் குரூப்பில் நம் அண்ணன் ஒருவர் என்ன எழுதினார்? "கீழே கிடக்கிற பித்தளையைப் பொறுக்கி எடுத்து வீட்டில் தோட்டா பண்ணினால் இப்படித்தான்." அதற்கு இன்னொருவர், "பொறுக்கி" என்ற ஒரே வார்த்தையும் மூன்று சிரிப்பு பொம்மையும். தமிழில் இந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று எனக்கும் தெரியும் சார், நானும் தமிழ் மீடியம்தான். இதற்கெல்லாம் மகுடமாக நேற்று ரேஞ்ச் வாசலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பலகை: ரீலோட் தோட்டாக்களுக்கு இனி அனுமதி இல்லை. கம்பெனித் தோட்டா சிக்கியதற்கு வீட்டுத் தோட்டாவுக்குத் தடை. ஓட்டல் சாம்பாரில் பல்லி விழுந்தால் வீட்டில் சமைக்கக் கூடாது என்று சட்டம் போடுவது போல. இன்டோர் ரேஞ்சுகள் பலவற்றில் இந்த விதி முன்பே உண்டு, அவர்கள் இடம், அவர்கள் இன்சூரன்ஸ், சரி. ஆனால் காரணம் என்று என்னைக் காட்டாதீர்கள்.

"கடையில் கிடைக்கிறதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்?" இதைக் கேட்காத ஆள் இல்லை. கம்பெனிக்காரன் உலகத்தில் உள்ள எல்லா 9 எம்எம் துப்பாக்கியிலும் ஓட வேண்டும் என்று செய்கிறான். எனக்கு ஒரே ஒரு துப்பாக்கியில் ஓடினால் போதும். யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சுடும் சங்கத்தின் போட்டியில் பவர் ஃபேக்டர் என்று ஒரு கணக்கு. புல்லட்டின் எடையை கிரெயின் என்ற சின்ன எடையளவிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். நான் சுடும் பிரிவில் 125 வர வேண்டும். 147 கிரெயின் புல்லட் 880 அடி வேகத்தில் போனால் 129. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு புள்ளியும் என் மணிக்கட்டுக்கு வீண் உதை. பெரிய போட்டிகளில் நம் பையிலிருந்து எட்டுத் தோட்டாவை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றைப் பிரித்துப் புல்லட்டை எடை போடுவார்கள், மற்றதில் சிலவற்றை குரோனோ என்ற வேகம் அளக்கும் கருவியின் முன் சுட்டு வேகம் பார்ப்பார்கள். 125க்குக் கீழே போனால் சுடலாம், ஆனால் ஸ்கோர் கிடையாது, வந்ததற்குச் சும்மா சுட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இத்தனை சோதனையை ஒரு விளையாட்டே செய்துகொள்கிறது என்றால் அதைக் கவனமில்லாதவர்களின் விளையாட்டு என்று எப்படிச் சொல்வீர்கள்?

துப்பாக்கியும் தோட்டாவும் வேறு வேறு இல்லை என்பதும் யாருக்கும் புரிவதில்லை. டிரிக்கர் லேசாக வேண்டும் என்று பிரைமரை அடிக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கை (ஹேமர் ஸ்பிரிங்) இளக்கமானதாக மாற்றினால் அடி மெதுவாக விழும், கடினமான பிரைமர் பற்றாது, அதனால் மென்மையான பிரைமர் தேட வேண்டும். உதை குறைந்த தோட்டா போட்டால் துப்பாக்கியின் மேலே சறுக்கும் ஸ்லைடு முழுதாகப் பின்னால் வராது, அதைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை இளக்கமானதாக மாற்ற வேண்டும். என்னுடையது சிஇசட் ஷேடோ 2. அதன் குழலில் புல்லட்டுக்கு இடம் கொஞ்சம் குறைவு, மற்ற துப்பாக்கியில் ஓடும் நீளம் இதில் முட்டும். அதனால் குழலை மட்டும் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, தோட்டாவை அதன் வாயில் விட்டுப் பார்ப்பேன். 'டொக்' என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் தங்குதடை இல்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். அப்புறம் போட்டிக்குப் போகும் ஒவ்வொன்றையும் கேஜ் என்ற அளவு அச்சில் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொன்றையும். உங்கள் கம்பெனிக்காரன் உங்களுக்காக இதைச் செய்தானா?

சரி, நியாயமாகவும் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் "இவன் தப்பே பண்ணாதவனா" என்பீர்கள். பண்ணியிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் பிரஸ்ஸில், அதாவது தோட்டா செய்யும் கருவியில், கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அக்கா போன். பேசிவிட்டுத் திரும்பி வந்து, கேஸ் எனும் பித்தளைக் கூடுகள் நிற்கும் தட்டு எங்கே நின்றது என்று பார்க்காமல் அடுத்த கேஸை நகர்த்திவிட்டேன். ஒரே ஒரு கேஸ் பவுடர் இல்லாமல் போனது. பயிற்சியில் அது 'டப்' என்றது, நானே நிறுத்தினேன், பித்தளைக் கம்பி விட்டுத் தட்டி எடுத்தேன். அன்றைக்குச் செய்த நானூற்றுச் சொச்சத்தையும் ஒன்றொன்றாகப் பிரித்தேன். அன்றிலிருந்து கராஜுக்குள் போன் வராது, ரேடியோகூட இல்லை. கேஸுக்குள் விளக்கடித்துப் பவுடர் மட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் புல்லட்டை வைப்பதில்லை. ஆகவே ஸ்குவிப் எனக்கு வராது என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தது என்னுடையது இல்லை என்கிறேன். இரண்டும் வேறு. பெரிய கம்பெனிகளே தொகுதி எண் போட்டுத் தோட்டாக்களைத் திரும்பப் பெற்றதும் உண்டு, அப்போதெல்லாம் யாரும் கம்பெனிக்குத் தடை போடவில்லை.

"டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியைக் கொஞ்சுகிறாயே, உவால்டே மறந்துவிட்டதா?" என்று ஒரு தோழி கேட்டார். மறக்கவில்லை. 2022 மே மாதம், அந்த ஊர்ப் பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். என் மகளுக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயது. அந்த வாரம் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதற்கு மேல் என்ன சொல்ல என்று தெரியவில்லை. ஆனால் அது இந்தச் சண்டை இல்லை.

இந்தச் சண்டை, "காசு மிச்சம் பிடிக்கிறான்" என்கிற பேச்சு. அதுதான் எனக்குச் சுடுகிறது. முதலில், ரீலோடிங்கில் யாரும் மிச்சம் பிடித்ததில்லை. தோட்டா விலை குறைந்தால் அதே காசுக்கு இன்னும் அதிகமாகச் சுடுவோம், அவ்வளவுதான். 30, 35 டாலருக்கு வந்துகொண்டிருந்த ஆயிரம் பிரைமர் 2021ல் நூறு டாலரைத் தாண்டியபோதும் வாங்கினேன். மனைவியிடம் வேறு கணக்குச் சொன்னேன், இப்போது படித்துவிடுவாள், பரவாயில்லை.

அடுத்தது, என் அப்பா. கும்பகோணத்தில் பொற்கொல்லர். அப்பா காலத்தில் எல்லாம் கிராமுக்கு வந்துவிட்டது, ஆனால் வாயில் குன்றிமணிதான். நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இங்கே வந்து முதல் முதலாக கிரெயின் என்ற அளவைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, இதுவும் தானிய எடைதானே, இவர்களுக்கு பார்லி, நமக்கு நெல். அப்பாவின் ஒரு குன்றிமணி என் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிரெயின். நான் இப்போது பத்தில் ஒரு கிரெயின், அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம் வரை பார்க்கிறேன்.

அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் எடை போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். தெருவில் லாரி போனால் முள் நிற்கும்வரை காத்திருப்பார். போட்டு முடித்து, நகைக்கு வந்த அம்மாவிடம், "நீங்களே இன்னொரு தடவை போட்டுப் பாருங்கம்மா" என்பார். ஆனாலும் வாசல் இறங்கும்போது அந்த அம்மா பக்கத்து வீட்டு அம்மாவிடம், தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் (பெற்ற தாயின் நகையிலும் கொஞ்சம் திருடுவான்) என்று சொல்லிக்கொண்டுதான் போவார். திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும். உள்ளே அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அதே அம்மா பெரிய கடையில் சேதாரம் என்று எவ்வளவு போட்டாலும் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருவார். அங்கே ஏசி, இங்கே உமிச்சட்டி. கையால் செய்கிறவன் என்றால் திருடன், பொறுக்கி. அட்டைப் பெட்டியில் போட்டு மேலே படம் ஒட்டியிருந்தால் யோக்கியன்.

குரூப்பில் மன்னிப்பு யாரும் கேட்க வேண்டாம். ரசீதின் படத்தைப் போட்டேன், நீல டிக் விழுந்தது, ஒருவரும் பேசவில்லை. அடுத்த நிமிஷம் யாரோ பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் கேட்டார்கள். தம்பி மட்டும் தனியாக அழைத்து, "அண்ணா, அடுத்த வாரம் வெளி ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றான். கூட்டிக்கொண்டு போவேன். அவனுக்குக் கடைத் தோட்டாதான், அந்த விதி மாறாது. போகும்போது அவனும் குனிந்து பித்தளை பொறுக்கட்டும்.

ஆரஞ்சுப் பலகை வைத்த ரேஞ்சில் என் மெம்பர்ஷிப் மார்ச் வரை இருக்கிறது. பாக்கி மாதத்துக்குப் பணம் திரும்பக் கேட்கலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். கேட்டால் அதற்கும் "பார், காசுக்கு அலைகிறான்" என்பீர்கள்.