மியூ அந்த லாரிக்கு அடியில் இல்லை
போக்கிமான் ரெட், ப்ளூ வீடியோ கேம் ஆட்டங்களில் வரும் எஸ்.எஸ். ஆன் கப்பலுக்குப் பக்கத்தில் நிற்கும் லாரியை ‘ஸ்ட்ரென்த்’ என்ற, பொருள்களைத் தள்ளும் திறனை வைத்துத் தள்ளினால் மியூ என்ற அரிய போக்கிமான் உயிரினம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். கிடைக்காது. அந்த லாரி வெறும் பின்னணிப் படம், நகரவே நகராது. தயவுசெய்து இதை நம்பி ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்காதீர்கள்.

ஆனால் மியூ ஆட்டத்துக்குள் இருப்பது உண்மை. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தங்கள் சோதனைக் கருவிகளை நீக்கியபோது மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில், கடைசி நேரத்தில் அவர்களில் ஒருவரான நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ அதைச் சேர்த்தார். எவ்வளவு அழகான விஷயம் இது! 1996இல் ஜப்பானின் கோரோகோரோ இதழ் போட்டி வைத்து 20 பேருக்கு மட்டும் மியூவைக் கொடுத்தது. அப்புறம், ஆட்டத்தின் ஒரு பிழையைப் பயன்படுத்தி அதைப் பிடிக்கும் வழி 2003இல்தான் பரவலாகத் தெரியவந்தது. அதற்கும் லாரிக்கும் சம்பந்தமே இல்லை.