பதினாறு வயதுக்கு ஓட்டு: ஊராட்சியிலிருந்து தொடங்கலாமே

ஓட்டுப்போடும் வயதைக் குறைக்கலாமா என்று யாராவது பேச்செடுத்தால் நம்மூரில் வரும் முதல் பதில், "மீசை முளைக்காத பயலுக்கெல்லாம் ஓட்டா?" என்பதுதான். 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு 16 வயதினருக்கும் ஓட்டு கொடுக்கப்போவதாக அறிவித்தபோது கோத்தகிரி டீக்கடையிலும் இதே வசனம்தான். பெண் பிள்ளைகளுக்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். வயதைக் குறைக்க வேண்டும். டெல்லியையும் கோட்டையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கிராம ஊராட்சித் தேர்தலில் 16 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம்.

ஏன் ஊராட்சி? எங்கள் பக்கத்துத் தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பிளஸ் டூ பிள்ளைகளைப் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் நடை. பனிமூட்டத்தில் செடிக்கு மேலே காட்டுமாட்டின் கொம்பு மட்டும்தான் தெரியும், அதுவும் பக்கத்தில் போன பிறகுதான். கரடி பயம் வேறு. அடுத்த பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்காக நின்று, கூட்டமாகச் சேர்ந்து, செல்போன் வெளிச்சத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்கள். வழியில் விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. எரிவது ஒன்றிரண்டு.

அந்த விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊராட்சி. ஊராட்சியைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் இலை பறித்துவிட்டு இருட்டுமுன் வீடு சேர்ந்துவிடுவார்கள், மீதிப் பேர் ஜீப்பிலோ பைக்கிலோ வருவார்கள். இருட்டில் நடக்கிற பிள்ளைக்கு ஓட்டு இல்லை. பிறகு அந்த விளக்கு ஏன் எரியப்போகிறது?

"விவரம் பத்தாது" என்கிறார்கள். நான் இ-சேவை மையம் நடத்துகிறவன், தினமும் எதிரில் பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் வந்து உட்காருவார்கள். கோப்பு இருப்பது பிளஸ் ஒன் படிக்கும் மகள் கையில். "அண்ணா, அப்பா பேர் ஆதார்ல 'ன்'னோட முடியுது, ரேஷன் கார்டுல 'ம்' போட்டிருக்கு, எதை வச்சுப் போடட்டும்?" என்று அவள்தான் கேட்பாள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று வீட்டுக்கு வருகிற அரசாங்கக் காகிதம் எல்லாவற்றையும் படிப்பது அந்தப் பிள்ளை. பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை, ஃபேக்டரி எவ்வளவு பிடித்தது என்று கணக்குப் போட்டு அப்பாவுக்குச் சொல்வதும் அதே பிள்ளைதான். வீட்டின் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறவளுக்கு வார்டு மெம்பரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதாம்!

18 என்பது ஆதிகாலத்திலிருந்து வந்த எண்ணும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவில் முதலில் இருந்தது 21. அதை 18 ஆக்கிய 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28இல். தமிழ்நாட்டில் அந்த வருடம் ஜனவரியிலேயே சட்டமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. அதில் ஓட்டுப் போட முடியாத 19 வயதுக்காரர்கள், நவம்பர் மக்களவைத் தேர்தலில் வாக்காளர்கள். இடையில் அவர்களுக்கு என்ன ஞானோதயம் வந்தது? ஒன்றுமில்லை, சட்டம் மாறியது.

அந்தத் திருத்தத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில மாநிலங்கள் ஏற்கெனவே உள்ளாட்சித் தேர்தலுக்கு 18 வயதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். அதாவது உள்ளூரில் முதலில் செய்து பார்த்தார்கள், நாடு பின்னால் வந்தது. நான் கேட்பதும் அதே வழியைத்தான். 326ஆவது பிரிவு பேசுவது மக்களவையையும் சட்டமன்றங்களையும் பற்றி மட்டும். ஊராட்சித் தேர்தலுக்கு 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. அதைத் திருத்த நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு. நீலகிரியின் 35 ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் 18 முடிந்த பையனை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் தவறவிட்டவன், 23 வயதாகும்போதும் ஊராட்சிக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டிருக்க முடியாது. காகிதத்தில்தான் 18.

சரி, 23இல் அவன் எங்கே இருப்பான்? மலையிலா? பிளஸ் டூ முடிந்ததும் கோயம்புத்தூர் காலேஜ், இல்லையென்றால் திருப்பூர் கம்பெனி. பெயர் கோத்தகிரி பக்கத்துப் பட்டியலில், ஆள் காந்திபுரத்து மேன்ஷனில். தேர்தலன்று மேட்டுப்பாளையம் வந்து பஸ் மாறி மலையேற எத்தனை பேருக்கு மனசு வரும்? 16, 17 வயதில் அவன் வீட்டில் இருக்கிறான், ஊரைத் தெரிந்தவனாக இருக்கிறான், பக்கத்தில் வாத்தியாரும் இருக்கிறார். ஆஸ்திரியாவில் 2007இல் 16 வயதினருக்கு ஓட்டு கொடுத்தார்கள். அங்கே சில ஊர்த் தேர்தல்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, 18 முதல் 20 வயதினரைவிட 16, 17 வயதினர் கூடுதலாக வாக்களிக்க வந்தார்கள் என்பதுதான். நமக்கும் பொருந்துமா என்றால், மலைக்குக் கட்டாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

"அப்பா சொல்கிறவருக்குத்தானே போடுவான்?" போடட்டுமே. புருஷன் சொன்னவருக்குப் போடுகிற மனைவியின் ஓட்டையும், சங்கத் தலைவர் சொன்னவருக்குப் போடுகிற புருஷனின் ஓட்டையும் நாம் பிடுங்கவில்லை. காசு வாங்கிக்கொள்வான் என்பதைப் பற்றி நம் தலைமுறை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஒரு பயம் மட்டும் எனக்கும் உண்டு. கட்சிக்காரர்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவார்கள். சாதிச் சங்கங்கள் இப்போதே பையன்களின் கையில் கயிறு கட்டப் பார்க்கின்றன. அதனால்தான் ஊராட்சி என்கிறேன். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பின்வாசல் வழியாகக் கட்சி வரத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனாலும் நிற்பவர் யார், தண்ணீர்க் குழாய்க்கு என்ன செய்தார் என்பது பிள்ளைகளுக்கு நேரடியாகத் தெரியும்.

பொறுப்பு என்று வரும்போது மட்டும் நமக்கு இந்த வயது பெரிதாகத் தெரிவதில்லை. கொடுங்குற்றம் செய்தால் 16 வயதுக்காரனையும் பெரியவனாக வைத்து விசாரிக்க 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வழி செய்கிறது. பதினேழரை வயதில் அக்னிவீரராகச் சேரலாம். குன்னூர் போகிற வழியில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம் இருக்கிறது. அந்த மைதானத்தில் துப்பாக்கி பிடிக்க வயது போதும், ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போதாது என்பது என்ன நியாயம்?

எங்கள் வீட்டில் ஓட்டைப் பற்றிய பேச்சு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். தாத்தா கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் ஏழு பேரை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் குடியுரிமை போனது, அதற்கடுத்த வருடம் ஓட்டும் போனது. 1952இல் அந்த ஏழு இடம் ஒன்றுமில்லாமல் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டபோது, அந்த ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், ஓட்டா இருந்தது? தாத்தா இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். இங்கே வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருந்துகொண்டு பட்டியலில் பெயர் ஏறிய பிறகு, ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை.

"ஓட்டு எதற்கு, கருத்து கேட்டால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பக்கத்துக் கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை நடத்துகிறார்கள். நல்ல காரியம், இங்கேயும் நடத்தலாம். ஏனென்றால் நம் கிராம சபையில் வாக்காளர்தான் உறுப்பினர். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்தில் பாட்டுப் பாடி மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் சபை கூடும். ஆனால் மனு கொடுக்கிறவனுக்கும் ஓட்டு வைத்திருக்கிறவனுக்கும் தலைவர் போடும் நாற்காலி வேறு வேறு. அது எல்லோருக்கும் தெரியும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. 16, 17 வயதினருக்குத் துணைப் பட்டியல் தனியாகத் தயாரிக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்கிற மாணவர் பதிவில் பிறந்த தேதி இருப்பதால் பெரும்பாலான பெயர்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். பத்தாவதோடு நின்று வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. அவர்களுக்கு லைன் லைனாக, வீடு வீடாகப் போய்த்தான் எழுத வேண்டும்.