கேரன் டிரம்ஸ் வாசிச்சது சும்மா ஷோவுக்கு இல்லங்க

கார்பென்டர்ஸ்ங்கறது அண்ணன் ரிச்சர்ட், தங்கச்சி கேரன் ரெண்டு பேரும் சேர்ந்த அமெரிக்க பாப் குழு. மேல ஒருத்தர் "கார்பென்டர்ஸ்னா சோகப்பாட்டு மட்டும்தான், கேரன் டிரம்ஸ் முன்னாடி உக்காந்ததெல்லாம் மேடைல போஸ் குடுக்கத்தான், ரெக்கார்டுல வாசிச்சது வேற ஆளு"ன்னு அடிச்சு விட்டிருக்காரு. பாதி உண்மை. க்ளோஸ் டு யூ மாதிரி பெரிய ஹிட்டுல ஸ்டுடியோ டிரம்மர் ஹால் பிளெய்ன் வாசிச்சாரு, அத மறுக்கல. ஆனா 1969ல வந்த முதல் ஆல்பம் ஆஃபரிங் இருக்கே, அதுல டிரம்ஸ் முழுக்க கேரன்தான், அப்ப அந்தப் பொண்ணுக்கு வயசு 19.

அந்த ஆல்பத்துல ஆல் ஐ கேன் டூன்னு ஒரு பாட்டு, முழுசா ரெண்டு நிமிஷம் கூட இல்ல, ரிச்சர்டும் பாடலாசிரியர் ஜான் பெட்டிஸும் எழுதினது, யாரும் பெருசா பேசமாட்டாங்க. ஹெட்போன் போட்டு கேளுங்க. வழக்கமான நாலு எண்ணிக்கை கிடையாது, அஞ்சு. கண்ட சாபு (கர்நாடக சங்கீதத்துல அஞ்சு எண்ணிக்கை தாளம்) பழக்கம் உள்ளவங்களுக்கு கை தானா தட்ட ஆரம்பிச்சிடும், ஜாஸ் மாதிரி சும்மா பறக்குது, அடில அந்த சிம்பல் (டிரம்ஸ்ல இருக்கற உலோகத் தட்டு) ஓட்டம் ஒரு இடத்துல கூட தடுமாறல, மேல அதே கேரன் குரல் அடுக்கு அடுக்கா வருது.

அதுக்கும் முன்னாடி 1966ல ஹாலிவுட் பௌல் அரங்கத்துல நடந்த இசைக்குழு போட்டில ரிச்சர்ட் கார்பென்டர் ட்ரியோ (மூணு பேர் குழு) ஜெயிச்சப்ப டிரம்ஸ்ல இருந்ததும் கேரன்தான். போஸ் குடுத்து போட்டி ஜெயிக்க முடியுமா என்ன?

சோகப்பாட்டு மட்டும்னு சொல்றவங்க மிஸ்டர் கூடர்ங்கற பாட்டையும் ஒரு தடவ கேளுங்க, டிஸ்னிலேண்ட்ல ரிச்சர்டையும் பெட்டிஸையும் வேலைய விட்டு தூக்கின மேனேஜர கிண்டல் பண்ணி எழுதினது, செம நக்கல்.