காலில்லாத வெளிச்சம்

நேத்து வாட்ஸப் குரூப்ல இத்தாலி ஓவியர் குயிதோ ரெனி வரைஞ்ச "அரோரா" படம் வந்துச்சு, கீழயே ஒருத்தர் "நம்ம சூரிய ரதத்த பாத்து காப்பி அடிச்சிருக்கான்"னு போட்டிருந்தார், மனசு கேக்கல, அதான் இந்த பதிவு.

1614ல ரோம்ல, சிப்பியோனே போர்கீஸ்ங்கிற கார்டினலோட (கத்தோலிக்க சபையோட பெரிய குரு) தோட்ட மாளிகை விதானத்துல, ஈரச் சுண்ணாம்பு பூச்சு மேல தீட்டின ஓவியம் அது. ரதத்துல வர்றது அப்போலோ, அவங்க சூரியக் கடவுள். சுத்தி கைகோத்துக்கிட்டு வர்ற பொண்ணுங்க நாழிகைகள். தீப்பந்தத்தோட பறக்குற குழந்தைதான் விடிவெள்ளி. எல்லாருக்கும் முன்னாடி கைநெறய பூவோட, துணி காத்துல உப்பி, சூரியன திரும்பி பாத்துக்கிட்டே போறா பாருங்க, அவதான் அரோரா, விடியல். அழகா இருக்குன்னு சொல்லிட்டு போறவங்க கீழ் மூலைய கவனிக்கிறதே இல்ல. அங்க கடலும் கரையும் இன்னும் நீலமா இருட்டுல கிடக்கு, மொத்த ஊர்வலமும் அதுக்காகத்தான் வருது. அந்த மூலைய வெட்டிட்டா படமே வெறும் திருவிழாதான்.

நம்ம கதை வேறங்க. புராணத்துல காசியப முனிவரோட மனைவி வினதை 500 வருஷம் முட்டைய காத்துக்கிட்டு இருந்தா, சக்களத்தி கத்ருவோட முட்டையெல்லாம் பொரிஞ்சு பாம்புங்க வெளிய வந்துடுச்சேன்னு பொறுக்க மாட்டாம தன்னோடதுல ஒண்ண உடைச்சுட்டா, உள்ள பாதி உடம்புதான், தொடைக்கு கீழ ஒண்ணுமில்ல. பெத்தவளையே சபிச்சுட்டு போன அந்த பிள்ளைதான் அருணன், சூரியனோட தேரோட்டி, விடியலோட செவப்பே அவன்தான். அங்க விடியல் பூவோட வர்றா, இங்க விடியல் குறையோட கோவத்தோட பொறந்த பிள்ளை. இதுல காப்பி எங்க இருக்கு?

அருணனுக்கு ஏன் காலில்லன்னு எனக்கு வயல்லதான் புரிஞ்சுது. எங்க ஊர் ஆடுதுறை பக்கம். போன குறுவைக்கு நாத்து பறிக்கறப்ப விடியக்காலம் அத்தையோட போயிருந்தேன். கிழக்க செவந்துடுச்சு, வயல் தண்ணியெல்லாம் செம்பு கலரு, வரப்புல வச்ச நாத்துமுடி ஒவ்வொண்ணா எண்ணலாம், ஆனா எதுக்குமே நிழல் இல்ல. வெளிச்சம் வந்தாச்சு, தரைல இன்னும் கால் ஊனல. சூரியன் தென்னந்தோப்புக்கு மேல ஏறுனப்புறம்தான் ஒவ்வொரு நாத்துமுடிக்கும் பக்கத்துல நீளமா நிழல் விழுந்துச்சு, அத்தை கூட "வெயில் வந்துடுச்சு, கைய ஓட்டு"ன்னாங்க.

பக்கத்துல சூரியனார் கோயில், முதலாம் குலோத்துங்கன் காலத்துது, அங்க சூரியனுக்கு ஒரு பக்கம் உஷா, இன்னொரு பக்கம் சாயா. சின்ன வயசுலேருந்து ரெண்டு பொண்டாட்டின்னு மட்டும்தான் கும்பிட்டிருக்கேன். உஷான்னா விடியல், சாயான்னா நிழல், அன்னிக்கு வரப்புல நான் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பாத்தது இவங்க ரெண்டு பேரையும்தான். ரெனியோட ஊர்வலத்துல நிழலுக்குன்னு ஒரு ஆள் கிடையாது, அவர் அதுக்கு அந்த நீல மூலைய குடுத்திருக்கார்.