டோல்டன் பழசைத் திருப்பிச் சொன்னவர் அல்ல

"அணுவைப் பற்றி ஆங்கிலேய இரசாயனவியலாளர் டோல்டன் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, பழைய கிரேக்கத் தத்துவஞானி டிமோக்கிரிற்றஸ் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார், தண்ணீரின் சூத்திரத்தையும் டோல்டனே சரியாகக் கண்டுபிடித்தார்" என்று மேலே ஓர் அண்ணை எழுதியிருக்கிறார். சாதாரண தரப் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: இரண்டுமே பிழை.

எல்லாப் பொருளும் பிரிக்க முடியாத அணுக்களால் ஆனது என்று டிமோக்கிரிற்றஸ் யோசித்துச் சொன்னவர். எதையும் தராசில் நிறுத்துப் பார்த்தவரல்ல. டோல்டனோ ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் தனக்கென ஒரு நிறை உண்டு என்றார், 1803இலேயே அதற்கு அட்டவணையும் போட்டார். எங்கள் வன்னியில் பாலை விறகுக் கரி எரிவதையே எடுங்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு வரும். பூட்டிய அறைக்குள் காற்றுக் குறைந்தால் காபனோரொட்சைட்டும் சேரும் (ஆளைக் கொல்வது இதுதான், கவனம்). 12 கிராம் காபனோடு முதலாவதில் சேர்வது 32 கிராம் ஒட்சிசன், இரண்டாவதில் சரியாக அதில் பாதி, 16. இடையில் 23, 27 என்றெல்லாம் வராது. அணுக்கள் முழுசு முழுசாகச் சேர்ந்தால்தான் கணக்கு இப்படி அமையும். இந்த வாதம் கிரேக்கரிடம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் டோல்டன் சறுக்கித்தான் போனார்: ஓர் ஐதரசனுக்கு ஓர் ஒட்சிசன் என்றே வைத்தார். இரண்டு ஐதரசனுக்கு ஓர் ஒட்சிசன் என்பதே சரி என்று 1811இல் இத்தாலிய அறிஞர் அவகாதரோ வழி காட்டினார். ஆனால் 1860இல் இன்னோர் இத்தாலியரான கனிசாரோ எடுத்துச் சொல்லும்வரை பலருடைய காதில் அது ஏறவில்லை.