சான் ரெமோவைத் தாங்குவது செங்கல் அல்ல

"நியூயார்க்கின் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அடுக்ககங்கள் எல்லாமே தடித்த செங்கல் சுவர்மேல் நிற்பவை, அதனால்தான் அசைக்க முடியாது" என்று சொல்வதுண்டு. அது 1884இல் முடிந்த டகோட்டா அடுக்ககத்துக்குப் பொருந்தும். 1920களிலும் 1930ஐ ஒட்டியும் எழுந்த பெரிய கட்டடங்களுக்குப் பொருந்தாது. எமரி ராத் வடிவமைத்த, அதே நகரின் சான் ரெமோ அடுக்ககத்தின் இரட்டைக் கோபுரங்களைத் தாங்குவது எஃகுச் சட்டகம். வெளிச் செங்கல், மழையையும் காற்றையும் தடுக்கும் போர்வைதான்.

சிக்கலே அந்தப் போர்வைக்குள் இருக்கிறது. அக்காலத்தில் எஃகு உத்திரத்தை ஒட்டியே செங்கல் கட்டினார்கள். இணைப்புச் சாந்து வழியாக நீர் இறங்கினால் எஃகு துருப்பிடிக்கும். துரு, தின்ற எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; செங்கல்லை வெளியே தள்ளும். தள மட்டத்தில் கிடையாக ஓடும் விரிசலோ, மூலையில் நெட்டாக ஏறும் விரிசலோ தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பலர் செய்வது, விரிசலில் சிலிகான் பூசி மூடுவது. உள்ளே போன நீருக்கு வழியடைத்து, துருவை ஊட்டி வளர்க்கும் வேலை இது! செங்கல்லைப் பிரித்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த எஃகை வலுப்படுத்தி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, நீர்த்தடுப்புத் தகடும், நீர் வெளியேறக் கசிவுத் துளைகளும் வைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்கட்டும். கெட்டி சிமெண்ட் வைத்தால் செங்கல்லின் முகம் உதிரும்.

1979இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து விழுந்த துண்டு ஒரு மாணவியைக் கொன்றது. அந்நகரில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கொரு முறை ஆய்வுசெய்யும் விதி அதையடுத்து வந்ததுதான்.