முதுகுவலி என்று சொன்னேன்

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கிளினிக் நாளில் டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொன்ன பொய் அது. விடிய முன்னம் முதல் பஸ் பிடித்துப் போய், நம்பர் எடுத்து, நான்கு மணித்தியாலம் வாங்கில் இருந்து, கடைசியில் உள்ளே போனால் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் வரும். இந்த விஷயத்தைச் சொல்லும் அளவுக்கு வராது. பேச்சை மாற்றிச் சொல்ல என்று கூப்பிட்ட பிள்ளை பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். "என்னா சேர், என்னா செய்யுது?" என்று அன்பாகத்தான் கேட்டாள். முதுகுவலி என்றேன். பூசுவதற்குக் களிம்பும் வலி மாத்திரையும் தந்து அனுப்பிவிட்டார்கள்.

என் பிரச்சினை முதுகில் இல்லை. ஒரு வருடமாக எனக்கு ஆணுறுப்பில் விறைப்பு சரியாக வரவில்லை. வந்தாலும் நிற்கவில்லை. அப்போது எனக்கு வயது 47.

இதை முகநூலில் எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க. நம்ம பட்டது இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். தம்பிமார், அண்ணன்மார் கடைசி வரைக்கும் வாசியுங்கள். அக்கா தங்கச்சிமாரும் வாசிக்க வேண்டும்.

அந்த முதுகுவலி நாளுக்குப் பிறகு நான் போன இடம் டவுனில் ஒரு லேகியக்காரரிடம். பெயர் வேண்டாம். கதவை மூடிவிட்டுத் தமிழில் ஆறுதலாகப் பேசினார். அந்த ஆறுதலுக்காகவே காசு கொடுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். மூன்று போத்தல், 18,000 ரூபாய். நகைக் கடையில் மோதிரத்தை அடகு வைத்த காசு. காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி, ஒருநாள் தவறாமல் சாப்பிட்டேன். கருப்பட்டிப் பாகில் கிண்டியது, நல்ல இனிப்பு. அடிக்கடி தாகம் எடுத்தது, இரவில் நாலைந்து தடவை எழும்பி வெளியே போனேன். மருந்து வேலை செய்கிறது, உடம்புச் சூடு இறங்குகிறது என்று அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

பாடசாலையில் ஒருநாள் மருத்துவ முகாம் வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கண் பார்த்த பிறகு ஆசிரியர்களுக்கும் விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். எனக்கு 312. மீட்டரைப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி இன்னொரு விரலிலும் குத்தினார். திரும்பவும் முந்நூறுக்கு மேல்தான். இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன், 214 வந்தது. வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனாலே நீரிழிவு என்பார்கள். சீனி வருத்தக்காரன் ஆறு மாதமாகக் கருப்பட்டிப் பாகை மருந்து என்று விழுங்கியிருக்கிறேன்.

அந்த முறை நான் போனது வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே இருந்தது தமிழ் பேசும் இளம் டொக்டர், என் மூத்த மகனை விட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்: "சேர், சீனி இருக்கிற ஆம்பளைகள்ல பாதிப் பேருக்கு விறைப்புப் பிரச்சினை வரும். உங்களுக்கு அப்படி ஏதும் இருக்கா?" நான் வாய் திறக்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எவ்வளவு காலமா?" என்றார். ஒன்றரை வருடம் என்றேன். "அப்பவே வந்திருந்தா அப்பவே சீனியைப் பிடிச்சிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார்.

அவர் எனக்குச் சொல்லித் தந்ததை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மலை உச்சி ஊற்றிலிருந்து பீலிக்குத் தண்ணீர் வருகிறது. பெரிய குழாயும் இருக்கிறது, அதிலிருந்து பிரியும் சின்னக் குழாயும் இருக்கிறது. சேறு படிந்தால் முதலில் அடைபடுவது சின்னக் குழாய்தான். பெரிய குழாயில் தண்ணீர் வருகிறதே என்று விட்டுவிட்டால், கொஞ்சக் காலத்தில் அதுவும் அடைபடும். ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக்குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இருதயத்துக்குப் போகும் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். சீனி, பிரஷர், கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து குழாயின் உள்பக்கத்தைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே இந்தப் பிரச்சினை வருகிறது. சீனி நரம்பையும் கெடுப்பதால் நீரிழிவுக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி.

"ஆண்மைக் குறைவு" என்ற சொல்லையே நாம் விட்டுவிட வேண்டும் என்பேன். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடும் அவர்கள் பாஷையில் இருந்த இதே மாதிரியான பழிச்சொல்லை விட்டுவிட்டு, விறைப்புக் குறைபாடு என்று சொல்லச் சொன்னது. ஒருவன் ஆம்பளையா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை பிறக்காததும் இதுவும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980களின் கடைசியில் 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். 52 வீதமானவர்களுக்குக் கூடவோ குறையவோ இந்தப் பிரச்சினை இருந்தது. பாதிக்கு மேல்! சம்பளத்தன்று டவுன் பஸ்ஸில் ஏறும் நடுவயது ஆம்பளைகளை எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் தன் ஒருவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு நடந்ததில் பெரிய காயம் என் மனைவிக்குத்தான். நான் வாய் திறக்காததால் அவளாக ஒரு காரணம் தேடிக்கொண்டாள். ஒருநாள் இரவு இஸ்தோப்பில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வேற யாரும் இருந்தா சொல்லிடுங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். 22 வருடம் கூட வாழ்ந்தவள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். டொக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்த அன்றுதான் அவளிடமும் சொன்னேன். அன்றைக்கு அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். முதல் வேலை இரத்தப் பரிசோதனை: சீனி, கொழுப்பு, தேவைப்பட்டால் காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன். பிரஷர் பார்ப்பார்கள். அப்புறம் டொக்டர் ஒரு கேள்வி கேட்பார்: விடியற்காலை எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா? ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் மூன்று முதல் ஐந்து தடவை அது தானாக வரும். அது நன்றாக இருந்து, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் மனசு, பயம், சண்டை, கடன் கவலை. காலையிலும் இல்லாமல் மெதுமெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் உடம்பு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்: சீனியில் தொடங்கியது, பயத்தில் பெருத்தது.

இளம் பையன்களுக்கு மனசுப் பக்கம்தான் அதிகம். இதில் தோட்டத்து வரிசை வீடான நம் லயத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. சேலையை மறைப்பாகக் கட்டி அந்தப் பக்கம் அம்மா அப்பா, இந்தப் பக்கம் புதுசாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகள். கட்டில் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். யாராவது இருமினாலே உடம்பு திடுக்கிடும். பயப்படும்போது ஊறும் அட்ரினலின் இரத்தக்குழாயைச் சுருக்கும், விறைப்புக்கோ குழாய் விரிய வேண்டும். கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு நான்கு நாள் வருகிற பையன், முதல் இரவு முடியவில்லை என்றால் மற்ற மூன்று இரவும் அதையே நினைத்துக்கொண்டு படுப்பான். அவனுக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. அவனிடம்தான் "சின்ன வயசுப் பழக்கம், விந்து வீணாகிவிட்டது" என்று சொல்லி லேகியம் விற்கிறார்கள். சுயஇன்பத்தால் இது வராது. வாசெக்டமி என்ற ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் செய்தாலும் வராது. அதில் வெட்டுவது விந்தணு வரும் குழாயைத்தான். விறைப்புக்கான நரம்பும் இரத்தக்குழாயும் வேறு. இந்த ஒரு பயத்தால் நம் தோட்டங்களில் ஆண்கள் ஒதுங்கிக்கொண்டு, எத்தனை பெண்களின் வயிற்றில் கத்தி வைக்க விட்டிருக்கிறோம்!

குடியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தைரியத்துக்கு என்று குடிக்கிறோம், அதுவே நரம்பை மந்தமாக்குகிறது. வருடக்கணக்கில் குடித்தால் ஈரலும் போகும், ஆண் ஹோர்மோனும் குறையும். கசிப்பு குடித்துவிட்டு முடியாமல் போனதற்குப் பெண்டாட்டியை அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரைகளும் காரணமாகலாம். அடினலோல் மாதிரிச் சில பிரஷர் மாத்திரை, தண்ணீர் போக வைக்கும் மாத்திரை, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரை. ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் மச்சான் யாரோ சொன்னதைக் கேட்டுப் பிரஷர் மாத்திரையை இரண்டு மாதம் நிறுத்தினார். ஒரு காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டவர் வாய் கோணி வாசலில் விழுந்தார். இன்றும் வலது கை சரியாக வரவில்லை. டொக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்திருப்பார், லொசாட்டன் மாதிரி இந்தத் தொந்தரவு குறைந்தவை இருக்கின்றன.

இப்போது எல்லோரும் கேட்கும் அந்த மாத்திரை. சில்டெனாபில். இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்கு என்று சோதித்துப் பார்த்த மருந்து அது. சோதனையில் இருந்த ஆண்கள் வேறொரு மாற்றத்தைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. உடம்பில் நைட்ரிக் ஒக்சைட் எப்படி இரத்தக்குழாயை விரிக்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருடம்தான். ஆசை வரும்போது உடம்பே அந்த வாயுவை ஊறவிட்டுக் குழாயை விரிக்கிறது. அந்த விரிவு சீக்கிரம் அடங்கிவிடாமல் மாத்திரை பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆசை இல்லாமல் வெறும் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. சுமார் ஒரு மணித்தியாலம் முன்பு எடுக்க வேண்டும். இறைச்சியும் எண்ணெயுமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் வேகம் குறையும். ஒரு தடவையில் பலன் இல்லை என்று தூக்கிப் போடக் கூடாது, பல தடவை பார்க்க வேண்டும். டடலாபில் என்று இன்னொன்று 36 மணித்தியாலம் வரை நிற்கும். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு வரலாம்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ, அந்த நைட்ரேட் வகையில் வேறு எதுவுமோ எடுக்கிறவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து உயிரே போகலாம். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து, வருகிறவர்களிடம் வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள். நான்கு மணித்தியாலம் தாண்டியும் விறைப்பு இறங்கவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நண்பனிடம் ஒன்று வாங்கிப் போடுவது, பெயர் தெரியாத பக்கெட்டை பஸ் ஸ்டாண்டில் வாங்குவது, இரண்டும் வேண்டாம். "மூலிகை" என்று விற்ற எத்தனையோ குளிகைகளுக்குள் இதே சில்டெனாபிலை ஒளித்துக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. இருதய நோயாளி ஒருவர் அதை வெறும் மூலிகை என்று நம்பி விழுங்கினால் என்ன ஆகும்?

மாத்திரை சரிவராதவர்களுக்கு உறிஞ்சி வைக்கும் பம்ப், ஊசி, உள்ளே பொருத்தும் கருவி என்று மேலே மேலே வழி இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. சீனிக்கு மெட்போமின் மாத்திரை, கோதுமை மா ரொட்டியைக் குறைத்தது, சீனி போடாத பிளேன் டீ, பஸ்ஸை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஏறி இறங்கி நடந்தது, சிகரெட்டை விட்டது. கூடவே ஆறு மாதம் அந்த விறைப்பு மாத்திரை. பாமசிக்காரர் அட்டையில் நான்கை மட்டும் கத்தரித்து, கடுதாசிப் பையில் போட்டு, வாயை மடித்துக் கொடுப்பார். இப்போது எப்போதாவதுதான் தேவைப்படுகிறது.

என் கோரிக்கை கிளினிக் நடத்துகிறவர்களுக்கும்தான். சீனிக்கும் பிரஷருக்கும் வருகிற ஒவ்வொரு ஆணிடமும் நீங்களே கேளுங்கள். கால் மரக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதோடு இதையும் சேருங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். மலையகத்தில் வேலை செய்யும் டொக்டர்மார் இந்த ஒரு கேள்வியைத் தமிழில் பாடமாக்கிக்கொள்ள எத்தனை நிமிடம் ஆகும்? ஊர்ப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, வாங்கில் இருக்கும் முப்பது பேருக்கும் கேட்கக் கேட்டால், எந்த ஆம்பளையும் முதுகுவலி என்றுதான் சொல்வான்.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. பேசத் தேவையில்லை. கொப்பித் தாளில் ஒரு துண்டு கிழித்து, "எனக்கு விறைப்புப் பிரச்சினை இருக்கிறது. இத்தனை மாதமாக. சீனி, பிரஷர் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து டொக்டரின் கையில் கொடுங்கள். சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதி வைத்திருக்கிறேன், கூட வேலை செய்யும் சிங்கள ஆசிரியர் ஒருவர் திருத்தித் தந்தார். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் "துண்டு" என்று ஒரு சொல் போடுங்கள், அனுப்புகிறேன். ஏன், யாருக்கு என்று கேட்க மாட்டேன்.